அரை டம்ளர் ஆயில்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் பல்செட் இன்றைக்கே சாம்பாரில் விழட்டும். அத்தனையும் சத்தியம்.

பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் தெருவில் கிளெமென்ட் என்று ஒருவன். பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி, இரண்டு வருடமாக வாசலில் வைத்து நோண்டிக்கொண்டிருக்கிறான். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற அந்த டர்போவை இன்னும் பெரிதாகப் போட்டான். இன்ஜின் காற்று இழுக்கிற குழாயைத் தடியாக மாற்றினான். தேங்காய் சைஸில் ஏர் ஃபில்டர் மாட்டினான். ஆக்சிலேட்டரை மிதித்தால், அது இழுக்கிற இழுப்பில் எதிர்மாடியில் காயும் லுங்கி கொடியோடு வந்துவிடும். எனக்கே இரண்டு லுங்கி போச்சு.

பின்பக்கம் நீலப் புகை வேறு. ஒருநாள் கொசு மருந்து வண்டி என்று நினைத்து தெருவே ஜன்னலைச் சாத்தியது. அன்று கிளம்பிய எங்கள் கொசுக்கள் இப்போது பக்கத்து ஏரியா எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் வசதியாக இருக்கின்றன.

கிளெமென்ட்டின் மனைவி பெர்னதெத். வாயைத் திறந்தால் டர்போ தோற்கும்.

"மீன் பொரிக்கிற சட்டியில நட்டு ஊறப் போட்டிருக்காரு அங்கிள். இது வீடா, ஒர்க்‌ஷாப்பா?"

மெக்கானிக் முனிராஜ் வந்து பார்த்தான்.

"இன்ஜின் அடியில அடையற காத்து, ஆயிலையும் இழுத்துக்கினு டர்போவுக்குப் போவுது குரு. அதான் புகை. நடுவுல ஒரு கேன் வெப்போம். ஆயில் அதுல தங்கிடும்."

எனக்கு உடனே புரிந்தது. தங்கவயல் சுரங்கத்தில் முப்பது வருடம் காற்று ஃபேன் ஓட்டியவன் நான். அடைந்த காற்று பொல்லாதது. ஒருமுறை லிஃப்ட் கூண்டு இல்லாமலே என்னை மேலே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

"வாரத்துக்கு ரெண்டு ஸ்பூன் ஆயில் வந்தா சரி" என்றான் முனிராஜ். "அரை டம்ளர் வந்தா இன்ஜின் உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு. வண்டிய மறந்துடு."

பெர்னதெத் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு ஞாயிறு பாக்கலாம். ஒரே ஒரு வாரம் அரை டம்ளர் வந்தாலும் வித்துடணும். குழந்தை ஏசு கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு சொல்லுங்க."

கிளெமென்ட் பாவம், மெழுகுவத்தி ஏற்றிவிட்டு சொன்னான்.

தெருவில் காற்றைப் பற்றித் தெரிந்த ஒரே யோக்கியன் என்று என்னை நடுவர் ஆக்கினார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் பானட்டைத் தூக்குவோம். பானட் பூட்டு எப்போதோ செத்துவிட்டது, ஒரு நைலான் கயிறுதான் கட்டியிருக்கும். கேனைக் கழற்றி நான் டம்ளரில் கவிழ்ப்பேன். தெருவே எட்டிப் பார்க்கும். கிளெமென்ட் மட்டும் கண்ணை மூடிக்கொள்வான்.

முதல் ஞாயிறு ஒன்றரை ஸ்பூன். இரண்டாவது, ஒரு ஸ்பூன். மூன்றாவது, மூன்று சொட்டு.

"கேன்ல ஓட்டை இருக்கும். நல்லா திருப்பிப் பாருங்க அங்கிள்" என்றாள் பெர்னதெத்.

"ஓட்டை இல்லம்மா."

"அப்போ டம்ளர்ல இருக்கும்."

பக்கத்து வீட்டு ஷோபாவுக்குப் பொறுக்கவில்லை. "புருஷன் ஆசையா வெச்சிருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கினாதான் இவளுக்குத் தூக்கம் வரும்" என்று என் காதில் கடித்தாள். நானும் தலையாட்டினேன்.

நாலாவது வாரம் புகை இன்னும் மோசம். சனிக்கிழமை சாயங்காலம் கிளெமென்ட் காருக்குப் பக்கத்தில் நின்று அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். போருக்குப் போகிற பிள்ளையை வழியனுப்புகிற மாதிரி.

ஞாயிறு கேனைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு. அதுவும் யோசித்து யோசித்து விழுந்தது.

"கார் கிளெமென்ட்டுக்கே" என்று தீர்ப்புச் சொன்னேன். தெரு கைதட்டியது. பெர்னதெத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். மொத்தத் தெருவும் அவள் முதுகைப் பார்த்துச் சிரித்தது.

நான் மட்டும் சிரிக்கவில்லை. காரணம் இருக்கிறது.

அன்று விடியற்காலை, காவேரி தண்ணீர் வருகிற நேரம், அந்தக் கார் பக்கம் போனேன். பானட் ஏற்கெனவே தூக்கியிருந்தது. உள்ளே குனிந்து, கேனில் இருந்ததை ஹார்லிக்ஸ் பாட்டிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள் பெர்னதெத். முக்கால் டம்ளராவது இருக்கும்.

"என்னம்மா இது?"

அவள் பயப்படவில்லை. "மெதுவா பேசுங்க அங்கிள். நாலு வாரமா இதான் பண்றேன். முனிராஜ்கிட்ட பாட்டிலைக் காட்டிட்டேன். ரிங் நல்லாதான் இருக்காம். காத்து வெளிய போற சின்ன வால்வுதான் அடைச்சிருக்காம். நாளைக்கு இவர் ஆபீஸ் போனதும் வந்து மாத்திடுவாரு."

"வித்துடணும்னு நீதானே ஒத்தக் கால்ல நின்னே?"

"வித்துட்டா மனுஷன் என்ன ஆவாரு? ஆபீஸ்ல பேச்சு வாங்கிட்டு வர்றாரு. காருக்கு அடியில ஒரு மணி நேரம் படுத்து எழுந்தாதான், குழம்புல உப்பு இல்லன்னு சண்டை போடற அளவுக்காவது உசுரு வருது."

"அப்போ எதுக்கு இந்தத் திட்டு?"

"திட்டாம விட்டா அடுத்த மாசமே இதைவிடப் பெரிய டர்போ வாங்கிடுவாரு."

அவள் மூடியைத் திருகியபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் சொன்னதாக மட்டும் சொல்லாதீர்கள். அவளைப் பற்றிக் கவலையில்லை. அந்த நேரத்தில், தெருவுக்கே நடுவரான பெரிய மனுஷன், கையில் காலி பாட்டிலோடு அந்தக் கேன் பக்கம் எதற்குப் போனார் என்று கேட்பார்கள்.