ஐம்பது நிமிட தூரம்

வடதுருவத் தீவு விமான நிலையத்திலிருந்து உச்சிப்புளிக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். புது விமானத்தில் ஐம்பது நிமிடம். அதனால் ஓடுபாதையில் பனி அள்ளும் வண்டி ஓட்டும் நம்புராஜனின் அம்மா காலையில் இறந்தபோது, உடலை வைக்க ஊரில் யாரும் ஐஸ் பெட்டிக்குச் சொல்லவில்லை. மகன் வந்துவிடுவான் என்று குளிப்பாட்டிவிட்டார்கள்.

மதியம் அக்கா முனீஸ்வரி கூப்பிட்டாள். “எங்கடா இருக்க?”

“மாத்தாள் வரலக்கா. வராம வண்டிய விட்டு இறங்க முடியாது.”

“அவன் எங்கேருந்து வரணும்?”

“பன்னெண்டு கிலோமீட்டர். ரோடெல்லாம் பனி, அஞ்சு மணி நேரம் ஆகுமாம்.”

பின்னால் மாமாவின் குரல் கேட்டது: “துபாய்ல இருந்தவனுக்கே ரெண்டு நாள் வச்சிருந்தோம். இந்தா பக்கத்துல இருக்கவனுக்கு என்ன கேடு?”

“இப்பப் பெட்டி எடுங்கக்கா.”

“ராமநாதபுரம் வரைக்கும் கேட்டாச்சு. யாரும் எடுக்கிறதில்லன்னு எல்லாத்தையும் வித்துட்டாங்களாம். வெயில் தாங்கலடா, இனி வைக்க முடியாது.”

நம்புராஜன் கண்ணாடியைத் துடைத்தான். ஓடுபாதையின் மறுமுனையில் உச்சிப்புளி விமானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. இன்னும் நூறு மீட்டர் பனி பாக்கி இருந்தது.

“நீயே கொள்ளி வச்சுரு, அக்கா.”

“நானாடா?”

“நீதான்.”

போனை வைத்துவிட்டு அந்த நூறு மீட்டரையும் அள்ளி முடித்தான். விமானம் கிளம்பியது.