கழுவ ஆள் இருக்கு

“உள்ள வா நைனா. இங்க யாரும் நீ இன்னா ஆளுன்னு கேக்க மாட்டாங்க.”

விமான நிலையத்துக் காப்பிக் கடை வாசலில் மோசஸ் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான். ஆபிரகாம் நகரவில்லை.

“நீ குடிச்சுட்டு வாடா. நான் இங்கயே நின்னுகினு இருக்கேன்.”

“பம்பாய் போனா திரும்பி வர ஒரு வருசம் ஆவும். ஒரு தபா உன்னோட ஒரே மேசையில உக்காந்து காப்பி குடிக்கணும். அதுக்குத்தான் உன்ன இம்மாந் தூரம் இட்டாந்தேன்.”

ஆபிரகாம் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

ஊர் டீக்கடையில் காலனி ஆட்களுக்குத் தனி கிளாஸ். வெளியே நின்று குடித்து, தாங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். அறுபது வயதுவரை அவர் அப்படித்தான் குடித்திருக்கிறார். மோசஸ் கல்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தக் கடைப் பக்கமே போவதில்லை. இப்போது பயிற்சிக்காக அவனை விமானத்தில் அனுப்புகிறார்கள்.

கூடப் பயணம் வரும் கங்காதரனும் அதே மேசையில் இருந்தான்.

“நல்லா சாஞ்சு உக்காருங்க பெரியவரே. நாற்காலி ஒண்ணும் கடிக்காது!”

காப்பி வந்தது. மோசஸின் கோப்பை விளிம்பில் பழைய கறை.

“இன்னாப்பா, யாரோ குடிச்ச மிச்சத்த உனக்குக் குடுத்துட்டான் போல” என்று கங்காதரன் சிரித்தான்.

மோசஸின் முகம் மாறியது.

“யாருய்யா இதக் கழுவுனது? கண்ணு பொட்டையா?”

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் ஓடிவந்தார். “சாரி சார், சாரி சார்” என்று வேறு கோப்பை வைத்துவிட்டு உள்ளே போனார். அங்கே அவர் யாரையோ திட்டுவதும், ஒரு பெண் குரல் கெஞ்சுவதும் கேட்டது.

“சார்னு கூப்ட்டான், பாத்தியா நைனா?”

ஆபிரகாம் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையோடு எழுந்தார்.

“எங்க போற?”

“கழுவ.”

“ஐயோ, வெச்சுட்டு உக்காரு. கழுவ ஆள் கீது!”

அவர் உள்ளே போய்விட்டார். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். கங்காதரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பம்பாய் விமானத்துக்கு அழைப்பு வந்தபோதுதான் ஆபிரகாம் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“மானத்த வாங்கிட்டியே நைனா! இத்தினி வருசம் அவனுங்களுக்குக் கழுவுனது பத்தலியா? அந்தப் புத்தி இன்னும் போவலியா உனக்கு?”

“அதுக்குப் போவலடா. உள்ள அழுத குரலு நம்ம பக்கத்துப் பேச்சா இருந்துது. போய்க் கேட்டேன். மதுராந்தகத்தாண்ட காலனி. பேரு குப்பம்மா. கண்ணுல பூ விழுந்திருக்கு. நாளைலேந்து வேலைக்கு வராதேன்னுட்டானாம்.”

மோசஸ் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

“நான் வேணும்னா மேனேஜராண்ட போயி...”

“ப்ளேன் போயிடும். நீ கெளம்பு.”

ஆபிரகாமே பையை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

“சத்தம் போட்டது யாருண்ணே, பெரிய ஆபீசரான்னு கேட்டா. எம்புள்ளன்னு சொல்ல எனக்கு வாய் வரலடா.”