டேங்கில் ஒரு புது ஓட்டை

"நீ வெல்டிங் வைக்கிறியா, இல்ல சூயிங்கம் ஒட்டி அனுப்பறியாய்யா?"

தன் சின்ன மோட்டார் படகின் பெட்ரோல் டேங்கை மேஜை மேல் ணங்கென்று வைத்தார் படகுக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக ஒழுகலோடு வந்து நிற்கிறார்.

மெக்கானிக்குக் காது சிவந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் படகுத்துறையில் பட்டறை வைத்திருக்கிறார். அவர் அடைத்த ஓட்டை திரும்ப ஒழுகியதாகச் சரித்திரமே இல்லை.

"சார், போன தடவை உங்க கண்ணெதிரேதானே செக் பண்ணிக் கொடுத்தேன்?"

"செக் பண்ணி என்னத்தக் கிழிச்ச? படகு பூரா பெட்ரோல்! ஒரு பொறி பட்டா நாங்க சாம்பல். எத்தனை ஞாயிறு பாழாப் போச்சு தெரியுமா?"

காத்திருந்தவர்களில் ஒருவர், ரிப்பேருக்குக் கொண்டு வந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓசைப்படாமல் நடையைக் கட்டினார். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அழுகையே வந்துவிட்டது. பட்டறைக்குப் பூட்டுப் போட இந்த மாதிரி நாலு பேச்சு போதாதா?

"நாளைக்குக் காலையில வாங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

டேங்கில் மிச்சம் இருந்த பெட்ரோலை வடித்து, ஆவி போகத் தண்ணீர் நிரப்பிக் கொட்டினார். வாயை அடைத்து, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து, மேலே சோப்பு நுரையைப் பூசினார்.

அவர் வைத்த வெல்டிங் இரண்டும் கல் மாதிரி இருந்தன. இரண்டு விரல் தள்ளி வேறோர் இடத்தில்தான் குமிழி கிளம்பியது.

துடைத்துப் பார்த்தார். உருண்டையாக ஒரு பொடி ஓட்டை. ஓரம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. துரு அரித்தால் இப்படி வராது. யாரோ வெளியிலிருந்து ஆணி வைத்து அடித்திருக்கிறார்கள்.

போன தடவையும் இப்படித்தான் உருண்டையாக இருந்தது. பட்டறையில் கூட்டம் நெரிந்த நாள் என்பதால் யோசிக்காமல் அடைத்துவிட்டார்.

'எவன் பார்த்த வேலை இது? நாளைக்கு நாலு பேர் முன்னாடி காட்டிட வேண்டியதுதான்.' நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிய நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் படகுக்காரர் தனியாக வரவில்லை. கைத்தடி ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து, அவருடைய அண்ணனும் கூட வந்திருந்தார். பட்டறையில் ஏற்கெனவே இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"ஏம்ப்பா மெக்கானிக், உனக்கே நல்லா இருக்கா?" என்று ஆரம்பித்தார் அண்ணன். "பக்கவாதம் வந்து முடங்கினவன் நான். ஞாயித்துக்கிழமை இவன்கூடப் படகுல போறது ஒண்ணுதான் எனக்கு மிச்சம் இருக்கற சந்தோஷம். அதுலயும் மண்ணைப் போட்டுட்டியே!"

"ஐயா, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. படகு ஷெட்டுக்குள்ள யார் யார் போவாங்க?"

"வேற யாரு, இவன் மட்டும்தான். சாவியை என்கிட்டகூடக் கொடுக்க மாட்டான்."

படகுக்காரர் தரையைப் பார்த்தார்.

"கடைசியாப் போனப்ப ஏதாவது தகராறா?"

அண்ணன் சிரித்துவிட்டார். "தகராறா? இவன் அடிச்ச கூத்தைக் கேளு. நாப்பது வருஷமாப் போய் வர்ற வழி. நடுத்தண்ணில மோட்டாரை நிறுத்திட்டு, 'அண்ணா, நம்ம துறை எந்தப் பக்கம்?'னு கேக்கறான்! ஒரு மணி நேரம் சுத்தவிட்டான். சின்ன வயசுலேருந்தே இவனுக்கு என்னைச் சீண்டிப் பார்க்கணும்."

தம்பி சிரிக்கவில்லை. கையிலிருந்த ஷெட் சாவியை அவசரமாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மெக்கானிக்குப் புரிந்துவிட்டது. மனுஷன் சீண்டவில்லை, நிஜமாகவே மறந்திருக்கிறார். அதை அண்ணனிடம் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. அண்ணனை மறுபடி தண்ணீரில் கூட்டிப்போகத் தைரியமும் இல்லை. பாவம், தானே ஆணி அடித்துவிட்டு டேங்கின் மேல் பழியைப் போட்டிருக்கிறார்.

"என்னப்பா," என்றார் அண்ணன். "எதனால ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சியா இல்லையா?"

வாடிக்கையாளர்கள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். மெக்கானிக் கட்டைவிரலால் அந்த ஓட்டையை மூடிக்கொண்டார்.

"கண்டுபிடிச்சேங்க ஐயா. என் வெல்டிங்தான் சரியில்ல, தப்பு முழுக்க என்னோடதுதான். வேற டேங்க் போட்டுத் தரேன். ஆனா என் வேலை மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு, அதனால இனிமே ஞாயித்துக்கிழமை நானும் கூட வந்து, படகை நானே ஓட்டிக் கொண்டாந்து விடறேன்."