ஜன்னலில் சொன்ன எண்

வுகாஷின் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் பிரசவ ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று, கயிற்றில் கட்டிய சாப்பாட்டுப் பையை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே யாரையும் விடமாட்டார்கள். புருஷன்மார்கள் புல்வெளியில் நின்று கத்திப் பேச வேண்டியதுதான்.

"தெசான்கா! புரெக் சூடா இருக்கு, ஆறுறதுக்குள்ள சாப்பிடு! இன்னைக்கு எவ்வளவு வந்துச்சு?"

"ஆறு!"

"நேத்து?"

"நேத்தும் ஆறுதான்! கவலைப்படாம வீட்டுக்குப் போ!"

பக்கத்தில் நின்றவன் சிரித்தான். "என்னய்யா, புருஷனும் பொண்டாட்டியும் லாட்டரி நம்பரா பேசிக்கிறீங்க?"

வுகாஷினும் சிரித்தார்.

தெசான்காவுக்கு ஏழாம் மாதத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தையின் நுரையீரல் தேறுவதற்கு ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். தினமும் காலையில் ரத்தம் எடுத்து சிஆர்பி பார்ப்பார்கள். உள்ளே கிருமி புகுந்தால் அந்த எண் ஏறும். ஏறினால் குழந்தையை உடனே வெளியே எடுத்தாக வேண்டும்.

"எனக்கு என் பொண்டாட்டிதான் முதல்ல, டாக்டர்," என்று டாக்டர் பவ்லிச்சிடம் அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். "எண் ஏறிச்சுன்னா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க."

"சரி," என்றுதான் அந்த அம்மாள் சொன்னார்.

மறுநாள் குழந்தை பிறந்தது. பெண். பிழைத்துக்கொண்டாள். தாயின் ரத்தமெல்லாம் கிருமி பரவியிருந்தது. அவள் பிழைக்கவில்லை.

குழந்தை பிறந்தால் கூட்டாளிகள் அப்பனின் சட்டையைக் கிழித்துக் கொண்டாடுவது அந்த ஊர் வழக்கம். வுகாஷினின் சட்டையை யாரும் தொடவில்லை.

அவர் புகார் கொடுத்தார். விசாரணை நடந்தது.

"எண் ஏறினது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் டாக்டர் பவ்லிச்.

"பின்னே ஏன் காத்திருந்தீங்க?"

"காத்திருக்கலாம்னு நான்தான் முடிவு பண்ணேன். தப்பு என்னோடது."

அவரைப் பிரசவ வார்டிலிருந்து எடுத்துவிட்டு, ஊர்க்கோடியில் சளி, இருமல் பார்க்கும் கிளினிக்கில் போட்டார்கள். வுகாஷினுக்கு அது போதவில்லை. 'என் பொண்டாட்டிகிட்டயே பொய் எண் சொல்லி ஏமாத்தியிருக்கா. இந்த ஊர்ல அவ தலைநிமிர்ந்து நடக்கக் கூடாது' என்று உறுதியாக இருந்தார். எதிரே கண்டால் காறித் துப்புவார். டாக்டர் ஒரு முறைகூடப் பதில் பேசியதில்லை.

எட்டு வருஷம் இப்படியே போனது.

இலையுதிர் காலச் சந்தை. ஊறுகாய் போடவும் சுட்டு வைக்கவும் ஊரே மூட்டை மூட்டையாகக் குடைமிளகாய் வாங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் டாக்டர் பவ்லிச் கடந்து போனார். போகும்போது வுகாஷினோடு நின்ற அவர் மகள் நெவென்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

வுகாஷின் தரையில் துப்பினார்.

நெவென்கா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளும் துப்பினாள்.

அவருக்குக் குடைமிளகாய் நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரி ரொசாந்தா தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

"கண்ணு, எதிர்க் கடைக்குப் போய் எனக்கு ஒரு பை வாங்கிட்டு வா."

குழந்தை நகர்ந்ததும் அவள் குரல் மாறியது. "அந்த டாக்டருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன், இத்தனை நாள் வாயைத் திறக்கல. இனிமே முடியாது. நான் யாருன்னு தெரியுதா உனக்கு?"

"மிளகாய்க்காரி. வேற யாரு?"

"உன் பொண்டாட்டிக்குப் பக்கத்துக் கட்டில்ல கெடந்தவ."

வுகாஷினின் கை மூட்டையிலேயே நின்றது.

"எண் ஏறின உடனே டாக்டர் ஸ்ட்ரெச்சரோட வந்து நின்னாங்க. உன் பொண்டாட்டி கட்டில் கம்பியைப் பிடிச்சவ விடல. 'புள்ளைக்குப் போட்ட ஊசி வேலை செய்யட்டும், ஒரே ஒரு நாள் குடுங்க'ன்னா. டாக்டர் திட்டினாங்க, கெஞ்சினாங்க. 'என் உடம்பு, நான் சம்மதிக்க மாட்டேன்'னுட்டா. அப்புறம் ஜன்னல்கிட்ட போய் உனக்கு 'ஆறு'ன்னு கத்தினா. அன்னைக்கு வந்தது முப்பத்தெட்டு. என் காதால கேட்டேன்."

"பொய் சொல்ற."

"எனக்கென்ன வேண்டுதலா?"

"அப்போ விசாரணையில அந்தம்மா ஏன் சொல்லல? வேலை போகும்னு தெரியும்ல?"

"நானும் அதைத்தான் கேட்டேன்." ரொசாந்தா இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "'அந்த மனுஷனுக்கு இப்போ யாரையாவது வெறுத்தே ஆகணும், ரொசாந்தா. நான் தாங்கிக்குவேன். அந்தக் குழந்தை அவர் வீட்டுலதான வளரணும்?'னாங்க."

வுகாஷின் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் டாக்டரைக் காணவில்லை.

நெவென்கா பையோடு ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு எட்டு வயது. பிறந்த நாளிலிருந்து இன்றுவரை, அப்பா அவளை ஒரு நாளும் வெறுத்ததில்லை.