இல்லாத நோயாளி

நூடுல்ஸ் கிண்ணங்களை வைக்க வந்த கடைக்கார அம்மா, ஹேரின் முன்னால் வரிசையாக இருந்த இரண்டு போன்களைப் பார்த்தாள். “ரெண்டு மாப்பிள்ளையாம்மா? ஒருத்தனும் கூப்பிடக் காணோமே?” என்றாள்.

எதிரே இருந்த மியோங்ஜா சிரித்தாள். சியோல் நீதிமன்றத்தின் பின்தெருவில் இருவரும் சேர்ந்து வக்கீல் அலுவலகம் நடத்துகிறார்கள். தகவல் திருட்டு வழக்குகள்தான் அவர்கள் பிழைப்பு. மியோங்ஜா மூத்தவள், ஹேரினுக்குத் தொழில் பழக்கியவளும் அவள்தான்.

இப்போது கையில் இருப்பது ஒரு தோல் மருத்துவமனை விவகாரம். யார் தலைமுடிக்கு வந்தார்கள், யார் தழும்புக்கு வந்தார்கள் என்பதெல்லாம் வெளியே விலைபோய்க்கொண்டிருந்தது. வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் சுக்ஹி மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். சாயங்காலம் மருத்துவமனைக்கு இவர்களுடைய அறிக்கை போனால் அவள் வேலை போகும். பின்னாலேயே போலீஸ் வரும்.

ஹேரின் பொறி வைத்திருந்தாள். நோயாளிகளின் விவரத்தை ஆளுக்கொரு தனிப் பிரதியாகக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் உலகத்திலேயே இல்லாத ஒரு நோயாளியின் பெயரையும், ஒரு புதுப் போன் எண்ணையும் செருகியிருந்தாள். விவரத்தை வாங்கிய விற்பனைக்காரன் எந்த எண்ணுக்குக் கூப்பிடுகிறானோ, அந்தப் பிரதிதான் வெளியே போயிருக்கிறது. மேசையில் இருந்த போன்களில் ஒன்று சுக்ஹியின் பிரதிக்கு. மற்றது மருத்துவமனையின் விளம்பரப் பிரிவுக்காரரின் பிரதிக்கு.

இரண்டும் ஊமையாகக் கிடந்தன. அடிக்காத போனை நம்பி ஒருத்தியின் வயிற்றில் அடிப்பதா என்று ஹேரின் தயங்கினாள்.

“அவ உஷாராயிட்டாடி,” என்றாள் மியோங்ஜா, கிம்ச்சி ஊறுகாயைக் கத்தரியால் நறுக்கியபடி. “நீ குடுத்த பிரதிய நானும் வரிவரியா படிச்சாச்சு. அவளைத் தவிர வேற யாரு? பேரை எழுதி அனுப்பிட்டு நிம்மதியா சாப்பிடு.”

“உங்க பாடத்தை நீங்களே மறந்துட்டா எப்படிக்கா? பெத்த தாய்க்குப் பிரதி குடுத்தாலும் ஒரு பொய்ப்பேரைப் போட்டுத்தான் குடுக்கணும், பொறி பேசுற வரைக்கும் நாம பேசக்கூடாதுன்னு சொன்னது யாரு?”

“அதெல்லாம் உன்னை மிரட்டி வைக்கச் சொன்னதுடி.”

அப்போது ஹேரினின் கைப்பைக்குள் ஏதோ அடித்தது.

“எடு, எடு. உங்கம்மாவாத்தான் இருக்கும். நீ சாப்பிட்டியான்னு கேக்காம அவங்களுக்குச் சோறு எறங்காதே.”

ஹேரின் பையைத் துழாவி ஒரு பழைய போனை எடுத்தாள். ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருவருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள்.

“ஓக் புன்னி அம்மாங்களா?” என்றது ஒரு குழைவான ஆண் குரல். “உங்களுக்கு முடி ரொம்பக் கொட்டுதாமே. எங்ககிட்ட ஒரு நல்ல தைலம் வந்திருக்கு...”

மியோங்ஜா கத்தரியைக் கீழே வைத்தாள். முகமெல்லாம் பூரித்துப்போயிருந்தது.

“இது நீ போட்ட பொய்ப்பேருதானே? மாட்டிக்கிச்சுடி களவாணி! சொல்லு, யாருக்குக் குடுத்த பிரதி?”

ஹேரின் போனை அணைத்தாள். கிண்ணத்தில் நூடுல்ஸ் ஊறிப் பருத்துக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து எதிரே பார்த்தாள்.

“உங்களுக்குத்தான், அக்கா.”