கன்னத்துக்கு என்ன தெரியும்

"பாக்குப் பொட்டலம் போடுற ஆள்கிட்ட நம்ம பிள்ளைங்களை விடலாமா, நீங்களே சொல்லுங்க" என்றார் பத்ரிநாராயணன்.

முடிச்சூரில் ஓர் அடுக்குமாடியின் கார் நிறுத்தும் இடத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். அவர்தான் செயலாளர். ரிடையரான பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே அதிகாரம் அது. ஒரு சொட்டுகூட வீணாக்க மாட்டார்.

விசாரணை தினகரனைப் பற்றி. சனிக்கிழமைதோறும் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஷட்டில் சொல்லிக்கொடுப்பவன். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் ஆபீஸ் போவதாகச் சொல்லிக்கொள்வான். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியபோது கன்னம் வீங்கியிருந்தது, வாய் திறக்கவில்லை. பத்ரிநாராயணன் படியில் நின்று பார்த்தார். நோயையும் அவரே கண்டுபிடித்தார், காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். இனி ஷட்டில் வகுப்பு கிடையாது என்ற தீர்ப்பும் அவருடையதுதான்.

முதல் மாடி பேபி அக்கா, நல்ல பிள்ளைன்னு நினைச்சோமே என்று உச்சுக் கொட்டினாள்.

தினகரனின் மனைவி சாமுண்டீஸ்வரி வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திறந்தால் உண்மை கொட்டிவிடும்.

உண்மை இதுதான். படப்பை ரோட்டில் பைக் சறுக்கி, பெட்ரோல் டேங்க் கவட்டில் இடித்ததில் தினகரனுக்கு மூத்திரக் குழாய் சுருங்கிப்போனது. கன்னத்தின் உள்பக்கச் சவ்வை எடுத்து அங்கே வைத்துத் தைத்திருக்கிறார்கள். கன்னம் வீங்கியது அதனால்தான். எங்கே ஆபரேஷன் என்று கூட்டத்தில் சொல்ல முடியுமா? குட்கா போடுறவன்னு சொன்னாலும் பரவாயில்லை, இதைச் சொல்லிடாதே என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தான்.

கூட்டம் முடிந்ததும் பத்ரிநாராயணன் இடுப்பிலிருந்து வெள்ளிப் பெட்டியை எடுத்து, வெற்றிலையை நிதானமாகத் தடவி, மடித்து, வாயில் போட்டுக்கொண்டார்.

ரெண்டு மாதம் போயிருக்கும். தினகரனை மறுபடி பார்க்க டாக்டர் வரச் சொல்லியிருந்தார். அங்கே ஒருவரைப் பார்க்கும்போதே அடுத்தவரையும் உள்ளே கூப்பிட்டு, பின்னால் பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்கள். இவர்கள் போய் உட்கார்ந்தபோது, டாக்டர் எதிரே முதுகு காட்டி ஒருவர். பின்னந்தலையைப் பார்த்ததுமே சாமுண்டீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. செயலாளர்தான். அவருக்கும் அதே அடைப்பு.

கன்னத்தையா வெட்டுவீங்க என்று அவர் நம்பாமல் கேட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"முன்னெல்லாம் தொடைத் தோல், கைத் தோல்னு வச்சுத் தச்சாங்க சார். உள்ளே முடி முளைச்சுது, கல் கட்டிச்சு, மறுபடி அடைச்சுது. மூத்திரப்பைச் சவ்வை எடுத்தும் பார்த்தாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் வாயிலேர்ந்து எடுத்து வச்சுப் பார்த்திருக்கார். அப்புறம் அதை மறந்தே போயிட்டாங்க. இந்த முப்பது நாப்பது வருஷமாத்தான் மறுபடி. ஈரத்துலயே இருந்து பழகின சவ்வு, முடி முளைக்காது. எடுத்த இடமும் சீக்கிரம் ஆறிடும். எங்கே, வாயைத் திறங்க."

திறந்தார். டாக்டர் டார்ச்சை அடித்து, உடனே அணைத்தார்.

"புகையிலை எவ்வளவு வருஷமா?"

"புகையிலையெல்லாம் இல்ல டாக்டர். சாப்பாட்டுக்கு மேல வெத்தலை. கூட ஒரு சிட்டிகை பன்னீர்ப் புகையிலை. வாசனைக்கு. அது வேற."

"அது வேற, இது வேறன்னு கன்னத்துக்கு என்ன தெரியும் சார்? ரெண்டு பக்கமும் வெந்து கிடக்கு, எடுக்க முடியாது. காதுக்குப் பின்னாடி முடியில்லாத தோல் கொஞ்சம் இருக்கு. அதைப் பார்ப்போம்." பிறகு பெஞ்சைக் காட்டினார். "இதோ, இவர் கன்னத்தைப் பார்க்கணும் நீங்க. குழந்தை கன்னம். ஒரு பாக்குத் தூள் பட்டதில்லை."

பத்ரிநாராயணன் திரும்பினார். தினகரனைப் பார்த்ததும் இடுப்பிலிருந்த வெள்ளிப் பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் இரும்புலியூர் சிக்னலில் நிற்கும்போது, இன்னைக்கே குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவேன் என்றாள் சாமுண்டீஸ்வரி. அவருக்கு என்னன்னு போட்டா எனக்கு என்னன்னும் தெரிஞ்சிடும், விடு என்றான் தினகரன்.

அடுத்த மாதம், செயலாளர் படுக்கையில் கிடக்கிறார் என்று பேபி அக்கா பார்க்கக் கிளம்பினாள். சாமுண்டீஸ்வரியும் கூடப் போனாள். பார்க்கத்தான் போனாளா, வேடிக்கை பார்க்கப் போனாளா என்று அவளுக்கே தெரியாது.

அவர் காதுக்குப் பின்னால் பிளாஸ்திரி. கழுத்துவரை போர்வை. போர்வை ஓரத்தில் குழாய் ஒன்று எட்டிப் பார்த்தது. தினகரன் படுத்திருந்தபோது இதே மாதிரி மூத்திரக் குழாய்ப் பையைத் தினம் தினம் காலி பண்ணியவள் சாமுண்டீஸ்வரி.

காதில் அடி என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். காதில் அடி என்றால் எழுந்து நடக்கலாமே, ஏன் படுத்தே கிடக்கணும் என்று பேபி அக்கா குடைந்தாள். அவர் மனைவி ரமா மாமி அவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு இருவரும் சாமுண்டீஸ்வரியைப் பார்த்தார்கள்.

அவளுக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குனிந்து, போர்வையை இழுத்துக் குழாயை மூடினாள்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா? எங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்குப் பல்லுலதான் கட்டின்னு சார் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டார். தப்பாப் பேசிட்டோமேன்னு, சனிக்கிழமையிலேர்ந்து நீயே வந்து சொல்லிக்கொடுப்பான்னு கூப்பிட்டார். அந்தச் சந்தோஷத்துல ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆடினாங்க. இவர் ராக்கெட் சார் காதுல பட்டு, சார் வழுக்கி விழுந்து இடுப்புல அடி. அப்பவும் கோவிச்சுக்கலையே மனுஷன். இல்ல சார்?"

பத்ரிநாராயணன் போர்வையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆமாம்" என்றார். "நானேதான் கூப்பிட்டேன்."