தொட்டியின் மேல் ஒரு கால்

வத்சலா கயிற்றை மீட்டினாள். நிலவறை முழுக்க 'தும்' என்றது.

கவிழ்த்துப் போட்ட தகரத் தொட்டி. அதன் அடியில் ஓர் ஓட்டை, ஓட்டையிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு துடைப்பக் கட்டை. அவ்வளவுதான் வாத்தியம்.

பிராங்பேர்ட்டின் அந்த வாடகை வீட்டில் குடியிருந்த அத்தனை பேரின் அழுக்கையும் பார்த்த தொட்டி அது. எழுபத்தொன்றாம் வருஷக் கோடையில் வாஷிங் மெஷின் வந்து இறங்கியதும் அதற்கு வேலை போயிற்று. வீட்டுக்காரியின் மகள் மோனிகா அதைச் சும்மா விடவில்லை, வாத்தியமாக்கிவிட்டாள். சனிக்கிழமை தெருவிழாவுக்கு அவளுடைய சிநேகிதிகளிடம் ஒரு கிதாரும், தாளத்துக்கு உரச ஒரு சலவைப் பலகையும் தயாராக இருந்தன. தொட்டிக்குத்தான் ஆள் இல்லை; மாடியில் குடியிருந்த வத்சலாவைக் கூப்பிட்டிருந்தாள்.

வத்சலா கட்டையைச் சற்றே சாய்த்தாள். கயிறு இறுகியது, ஸ்வரம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. கும்பகோணத்தில் பத்து வருஷம் வயலின் வாசித்த கை. கல்யாணத்தின்போது கணவர் சேஷாத்ரி, பிராங்பேர்ட்டில் சத்தம் ஆகாது, வயலின் வேண்டாம் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு விமானம் ஏறியவள்.

சிநேகிதிகள் கைதட்டினார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இந்த ஊரில் யாருக்கோ அவள் தேவைப்பட்டாள். அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"ஒரு காலை விளிம்பில் வைத்து அழுத்திக்கொள், இல்லாவிட்டால் தொட்டி தூக்கிக்கொள்ளும்" என்றாள் மோனிகா.

வத்சலா தூக்கிய கால் அப்படியே நின்றது.

போன மாதம்கூட இதே தொட்டிக்குள் இறங்கிக் கம்பளியை மிதி மிதியென்று மிதித்தவள்தான். ஆனால் அப்போது அது வெறும் தொட்டி. இப்போது அதற்கு நாதம் வந்துவிட்டது. வாத்தியத்தின் மேல் காலை வைக்கிறதாவது!

குனிந்து தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்னால் முடியாது."

ஏன் என்று சொல்ல அவளுடைய ஜெர்மன் போதவில்லை. மோனிகாவின் முகம் தொங்கிப்போயிற்று.

படியேறும்போது வேறு யாரோ மீட்டுவது கேட்டது. சுருதி சேரவேயில்லை. அசடே, ஒரு காலைத்தானே கேட்டார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வைத்திருக்கக் கூடாதா? தன்னையே திட்டிக்கொண்டாள். திரும்பி இறங்கினால் இப்போதும் சேர்த்துக்கொள்வார்கள். பாதிப் படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மேலே போனாள்.

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்த சேஷாத்ரி, வழக்கம்போல் சோபாவில் சாய்ந்து, அவளுடைய டிரங்குப் பெட்டியின் மேல் இரண்டு கால்களையும் நீட்டியிருந்தார்.

"கீழே என்ன இரைச்சல்! நல்ல வேளை, நீ வயலினை ஊர்லயே விட்டுட்டு வந்தே."

வத்சலா பெட்டியைப் பார்த்தாள். உள்ளே கல்யாணப் புடவைகள். அவற்றின் மடிப்புக்குள், வெள்ளை வேட்டியில் சுற்றி, அவருக்குத் தெரியாமல் அவள் கொண்டுவந்த வயலின்.

காலை எடுங்கோ என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்.

மூன்று வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் செய்வதைப் போலவே, காபி கலக்க உள்ளே போனாள்.